இருபத்தைந்தாவது தட்டு

கல்வி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த தகுரா இரண்டாவது குடுவைத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் ஆசிரியர் அவெடோபா பள்ளி ஆய்வகத்தின் பின்தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தான்.

"நல்ல தண்ணிப்பா," என்றார் தகுரா, புறங்கையால் வாயைத் துடைத்தபடி. "புதுப் பானை வாசம். லேசா ஒரு புளிப்பு. எங்க ஆபீஸ் ஃப்ரிட்ஜ்கூட இப்படிக் குளுகுளுன்னு தராது."

அவர் காலடியில் முதலாம் ஆண்டு மாணவி தலாதா குந்தியிருந்தாள். வெறுங்குடுவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டுமா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் வந்த காரியம். வீட்டில் சொல்லிக் கொடுத்ததை அவள் பிசகாமல் செய்திருந்தாள். பிசகு பானையில் இருந்தது.

தாழ்வாரத்தில் இரண்டு பானைகள் உண்டு. வாசலை ஒட்டி இருப்பது குடிதண்ணீர்ப் பானை. காற்று நேராக வந்து மோதும் மூலையில் ஈரச் சாக்கு போர்த்தி நிற்பது இன்னொன்று. இப்போது அந்தச் சாக்கு விலகியிருந்தது. மூடி தரையில் கிடந்தது.

"தலாதா, எந்தப் பானையில மொண்டே?" என்று கேட்டான் அவெடோபா.

"அந்த மூலைப் பானையில சார்."

"அதுல ஏது தண்ணி?"

"காலையில நான்தான் ரொப்பினேன் சார். உள்ள இருட்டா இருந்துச்சு, காலின்னு நெனச்சேன். வாசல் பானைத் தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு, அதான் பெரியவருக்கு இதுல குடுத்தேன்."

"தொடாதேன்னு ஒட்டியிருந்த தாளைப் படிக்கலையா?"

"படிச்சேன் சார்." தலாதா குரலைத் தாழ்த்தினாள். "குளுந்த தண்ணியைத் தங்களுக்குன்னு பதுக்கி வெக்க சீனியர் அக்காங்க ஒட்டினதுன்னு நெனச்சேன்."

தகுரா சத்தமாகச் சிரித்தார்.

அது தண்ணீர்ப் பானையே அல்ல. பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல். சின்னப் பானையின் அடியில், மூடி கீழாகவும் அடி மேலாகவும் அடுக்கிய இருபத்து நான்கு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் கடற்பாசித் தூள் காய்ச்சி ஊற்றிய கூழ். கூழின் மேல் பாக்டீரியா. கணக்குப்படி இருபத்து நான்கு. உள்ளே இருப்பது இருபத்தைந்து என்பது இந்த உலகத்தில் அவெடோபாவுக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பானையை யோசித்துச் செய்தவள் ஆய்வக உதவியாளர் அயின்போகா. புத்தகங்கள் எல்லாம் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. தட்டுகளை இருபத்தைந்து டிகிரியில் வைக்கச் சொல்லும். அதற்கு மின்சாரப் பெட்டி வாங்கிச் சூடேற்றச் சொல்லும். மார்ச் மாதத்தில் இந்தப் பள்ளியின் சுவரே நாற்பது டிகிரி. இங்கே தட்டை மேசைமேல் சும்மா வைத்தால், மனித உடம்பின் சூட்டில் செழிக்கப் பழகிய கிருமிகள்தான் முதலில் தழைக்கும். பள்ளிக்கூடத்தில் வளர்க்கவே கூடாதவை அவை. அதை அயின்போகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் ஏழு வருஷம் அதே பள்ளியின் சமையலறையில் தொள்ளாயிரம் பெண்களுக்குக் கம்பு மாவுக் களி கிண்டியவள். ஆய்வகத்துக்குப் பெரிய பிரஷர் குக்கர் இரவல் கேட்டு வந்தபோது, அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவள் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் படித்தாள். ஆசிரியர்கள் படித்ததைவிட நிதானமாகப் படித்தாள். சூடேற்றும் இடத்தில் எல்லாம் குளிர்விக்க வேண்டும் என்று புரிந்துகொண்டு, சந்தையில் இரண்டு பானை வாங்கி வந்தாள். ஒரு நாளைக்கு நான்கு முறை வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினாள். வெளியே நாற்பத்தொன்று கொதிக்கும்போது பானைக்குள் இருபத்தாறு. அறிவியலில் பட்டம் வாங்கிய அவெடோபாவுக்கு அது தோன்றவில்லை.

இத்தனைக்கும் அவள் வேலை இன்னும் உறுதியாகவில்லை. போன மாதம் பக்கத்துக் கிராமத்தில் மூளைக்காய்ச்சலில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தப் பருவத்தில் வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் சந்தையில் யாரோ, "பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல நோயைச் சட்டியில போட்டு வளக்குறாங்களாம்" என்று கிளப்பிவிட்டார்கள். கல்வி அலுவலகம் பயந்து தகுராவை அனுப்பியது. அவர் எழுதப்போகும் ஒற்றைப் பக்கம்தான் முடிவு. சரி என்று எழுதினால் ஆய்வகம் நடக்கும், அயின்போகா அங்கே நிரந்தரம். இல்லை என்று எழுதினால் தட்டுகள் குப்பைக்கு, அவள் களிக் கரண்டிக்கு.

அவள் அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் பிரஷர் குக்கர், அதன்மேல் ஒரு கட்டு கையுறை. படியேறும்போதே அவள் கண் ஒரு சுற்றுச் சுற்றியது. விலகிய சாக்கு, தரையில் மூடி, தலாதா கையில் குடுவை, தகுராவின் ஈர மீசை. குக்கரை இறக்கினாள். கையுறை மாட்டினாள். தலாதாவிடமிருந்து குடுவையை வாங்கி ப்ளீச் வாளிக்குள் அமுக்கினாள்.

"என்னம்மா, தண்ணி குடிச்ச பாத்திரத்தைக்கூட முக்கி எடுக்குறே? நான் அவ்வளவு அழுக்கா?" என்றார் தகுரா.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் அவள். "தலாதா, போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. நூறு எண்ணுற வரைக்கும் கழுவு. அப்புறம் இங்கயே நில்லு, ஓடிப் போயிடாதே. உன்மேல கோபம் இல்ல."

பிறகு அவெடோபாவைப் பார்த்து, "சார், உள்ள வாங்க," என்றாள்.

ஆய்வகத்துக்குள் போனதும் அவன் கதவைச் சாத்தினான்.

"மேடம், சொல்லிடாதீங்க."

"என்னத்த?"

"அதான். உள்ள என்ன இருந்துச்சு? புளிச்ச பால்ல இருந்து எடுத்ததுதானே? அந்த மனுஷன் தினமும் சந்தையில வாங்கி மடக் மடக்குனு குடிக்கிற அதே பால். அவருக்கு ஒரு மயிரும் ஆகாது. ரெண்டு கையெழுத்துப் போட்டுட்டு வண்டியைக் கிளப்பிடுவாரு. சொன்னா உங்க வேலை போகும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "புளிச்ச பால்தான். எனக்கும் தெரியும். அப்ப நீங்க ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க?"

"வெயில்."

"வயிறு அவரோடது சார். உள்ள போனது என்னன்னு அவருக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு வெளியே போனாள். அவெடோபா பின்னாலேயே போனான். சொல்ல வேண்டியதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அயின்போகா தகுராவின் எதிரே நின்றாள். "மிஸ்டர் தகுரா, இந்தப் பானை குடிக்கிற பானை இல்ல. இதுக்குள்ள நாங்க பாக்டீரியா வளர்க்குறோம். நீங்க குடிச்ச தண்ணியில அது கலந்திருக்கு."

தகுரா அவளை ஒரு கணம் முறைத்தார். அப்புறம் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா! நீ ஃப்ராஃப்ராவா? பேரைக் கேட்டப்பவே நெனச்சேன். ஒரு ஃப்ராஃப்ராக்காரி வீட்டுல தண்ணி குடிக்காதேடான்னு எங்க அம்மா அடிச்சு அடிச்சுச் சொன்னா. கேட்டனா?"

தகுரா டகாபா இனத்தவர், அயின்போகா ஃப்ராஃப்ரா இனம். டகாபாவுக்கும் ஃப்ராஃப்ராவுக்கும் கேலி முறை. எப்போதோ ஒரு நாயை அடித்துப் பங்கு போட்டபோது தலையை எந்தப் பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் கூடாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கால்தூசி பெறாது. சாவு வீட்டில்கூடப் பிணத்தைக் காட்டி, "இவன் எனக்கு அடிமை, எழுப்பிவிடுங்க, வேலை இருக்கு" என்று வம்பு இழுப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஃப்ராஃப்ரா பெண் ஒரு டகாபா ஆணிடம் உனக்கு விஷம் வைத்துவிட்டேன் என்று சொன்னால், அது வணக்கம் சொன்ன மாதிரி.

"நான் விளையாடல," என்றாள் அயின்போகா.

"விளையாடுறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. விஷம் வெக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டே, நாய்க் கறியில வெச்சிருக்கக் கூடாதா? ருசியாவாவது செத்திருப்பேன்." அவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "சரி, நேரமாச்சு. ஆய்வகம் சுத்தமா இருக்கு. தண்ணி குளுமையா இருக்கு. ஆளு வாயாடி. எழுதிடவா?"

அவெடோபாவும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வழி தானாகத் திறந்து கிடந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர் குற்றம்.

அயின்போகா உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து அவர் கோப்பின்மேல் வைத்தாள். வேறு கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியைப் பானைக்குள் விட்டு ஒரு தட்டை எடுத்தாள். தட்டிலிருந்து, புதுப் பானையின் செம்மண் கரைந்து அடியில் கலங்கிய தண்ணீர் ஒழுகியது. உள்ளேயும் அதே செந்நிறம். அதை வெள்ளைத் தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எண் ஏழு. அடியில எழுதியிருக்கு பாருங்க, பதிவேட்டுல ஏழாம் வரியையும் பாருங்க. திங்கக்கிழமை காலையில வெச்சது. கொதிக்க வெச்ச பால், உறைக்கு ஊத்தினது எந்த வீட்டுதுன்னு எழுதியிருக்கேன். ஷியா எண்ணெய் சோப்புல முக்கின காகிதத் துண்டு நடுவுல, பாக்டீரியா அதை விட்டுத் தள்ளி வளருதான்னு பாக்க. நாலு இடத்துல மட்டும் டேப். சுத்தி ஒட்டினா காத்துப் போகாது, காத்து இல்லாம வளர்ற கெட்ட ஜாதி கிளம்பும்னு அப்படி. அந்த நாலு டேப்புக்கு நடுவுலதான் தண்ணி உள்ள போயிருக்கு."

தகுரா எண்ணைப் பார்த்தார். வரியைப் பார்த்தார். கூழின்மேல் சோற்றுப் பருக்கை போன்ற வெள்ளைப் புள்ளிகள் கலங்கிக் கரைந்து கிடந்தன. சிரிப்பு அவர் முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"நான் ரெண்டு குடுவை குடிச்சேன்."

"தெரியும். அதையும் எழுதப்போறேன்."

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. இந்தப் பருவத்தில் யாருக்கு எது வந்தாலும் முதலில் கழுத்து விறைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். "மூளைக்காய்ச்சல்..."

"அது தண்ணியில வராது. மூச்சுல வரும், எச்சில்ல வரும். அதனாலதான் மூக்கு, தொண்டை, கக்கூஸ் எதுலயும் இருந்து எடுக்கக் கூடாதுன்னு இங்க சட்டம். இதுல இருக்கிறது பால் புளிக்க வெக்கிறது. இருபத்து நாலு தட்டும் அதேதான். உங்க முன்னாடியே ஒவ்வொண்ணா எடுக்கிறேன், நீங்களே சரி பாருங்க."

எடுக்க ஆரம்பித்தாள். அவள் எண்ணைச் சொன்னாள், தகுரா பதிவேட்டில் புள்ளி வைத்தார். மூன்று, பதினெட்டு, இருபது, ஒன்று. அவெடோபா தூணில் சாய்ந்து நின்றான். இருபத்து நான்காவது புள்ளியை வைத்துவிட்டுத் தகுரா பேனாவை மூடினார்.

இடுக்கி இன்னொரு முறை உள்ளே போனது. டக்கென்று எதிலோ இடித்தது.

மேலே வந்த தட்டைச் சுற்றி மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் மூன்று சுற்று. எண் இல்லை. தேதி இல்லை.

அயின்போகா அதைத் தாம்பாளத்தில் வைத்தாள். தலாதாவைப் பார்க்கவில்லை, தகுராவைப் பார்க்கவில்லை. நேராக அவெடோபாவைப் பார்த்தாள்.

"என்னோடது," என்றான் அவன்.

அவன் தொடர்ந்து பேச வேண்டியிருந்தது.

"பால் தட்டெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளி. பாக்க ஒண்ணுமே இல்ல. ஆபீசர் வர்றாரு, மஞ்சளும் பச்சையுமா, பாத்ததும் வாயைப் பொளக்குற மாதிரி ஒண்ணு காட்டலாம்னு... விடுதி கக்கூஸ் கதவுக் கைப்பிடியில பஞ்சைத் தேய்ச்சு எடுத்தேன். செவ்வாக்கிழமை. அடியில வெச்சேன்."

"கக்கூஸ் கதவா?" தகுரா எழுந்து நின்றார். முக்காலி பின்னால் உருண்டது. "நீ வாத்தியாரா, இல்ல கொலைகாரனா? டகாபாவைக் கொல்ல ஃப்ராஃப்ராவே போதாதுன்னு கசேனாவும் கெளம்பிட்டீங்களா?"

அவெடோபா கசேனா இனத்தவன்தான், ஆனால் இது கேலி இல்லை.

அயின்போகா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. கறுப்பு டேப் சுற்றிய தட்டை இடுக்கியால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. மூடியின் உட்புறம் பனி பூத்த மாதிரி நீர்த்திவலை. மற்ற இருபத்து நான்கிலும் நின்ற செம்மண் கலங்கல் இதில் இல்லை. கூழின்மேல் மஞ்சளாக, பளபளப்பாக, சளி போல ஒரு படலம் பரவியிருந்தது. அவன் ஆசைப்பட்ட மாதிரியே, பார்த்ததும் வாய் பிளக்க வைப்பது.

"தண்ணி உள்ள போகல," என்றாள். "போயிருந்தா சிவப்பு தெரியும். சுத்தி ஒட்டக் கூடாதுன்னு சொன்னேன், ஒட்டியிருக்கீங்க. எடுக்கக் கூடாத எடத்துல எடுத்திருக்கீங்க. ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு முட்டுக் குடுத்து நிக்குது. இதுக்குப் பேரு பாதுகாப்பு இல்ல சார். குருட்டு அதிர்ஷ்டம்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது?" என்றார் தகுரா.

"ஆகாதுன்னுதான் நெனக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். ஒட்டுறப்ப இவர் கையில இருந்து வெளிப்பக்கம் என்ன அப்பிச்சுன்னு எனக்குத் தெரியாது. மூணு நாள் வயித்தைப் பாத்துக்கோங்க. காய்ச்சலோ பேதியோ வந்தா, இந்தத் தாளை எடுத்துட்டு மருத்துவமனைக்குப் போங்க. என்ன குடிச்சீங்க, எப்பக் குடிச்சீங்க, எல்லாம் இதுல இருக்கு. டாக்டர் யோசிச்சுட்டு நிக்க வேண்டியதில்ல."

அவள் எழுதினாள். கக்கூஸ் கதவையும் எழுதினாள். மேலே பள்ளியின் பெயர், கீழே தன் பெயர், தன் தொலைபேசி எண்.

தகுரா தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இன்னிக்கு நான் எதுவும் எழுதப்போறதில்ல. மூணு நாள் கழிச்சு உயிரோட இருந்தா வந்து எழுதுறேன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை அவெடோபா ஓரமாக நின்று பார்த்தான். ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த ப்ளீச்சைப் பானைத் தண்ணீரிலும் தரையிலும் ஊற்றினாள். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. தட்டுகளைத் திறக்காமலேயே பையில் போட்டுக் குக்கருக்குள் அடுக்கினாள். கறுப்பு டேப்பை மட்டும் பையின்மேலிருந்து ஊசியால் குத்தித் தளர்த்தினாள், நீராவி உள்ளே போக வேண்டும் என்று. அந்த ஊசியும் குக்கருக்குள்ளேயே போனது. குக்கர் மூடிமேல் எடை ஆட ஆரம்பித்த பிறகுதான் நேரம் கணக்கிட்டாள். இருபது நிமிஷம் போதும் என்று புத்தகம் சொன்னது, முப்பது விட்டாள். நெருப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எடை ஒரே சீராக ஆடியது. ஏழு வருஷம் களி கிண்டிய கை. மண் பானை கிருமியை உறிஞ்சியிருக்கும் என்று பெரியதும் சின்னதுமான இரண்டு பானைகளையும் சூளைக்கு அனுப்பிச் சுட்டுப் பொடியாக்கச் சொன்னாள். வேகத்தில் ஒரு அசைவும் வீணாகவில்லை, பயத்தில் ஒரு அசைவும் கூடவில்லை. அவன் படித்த பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் இருந்தார்கள். இப்படி ஒருவரை அங்கே அவன் பார்த்ததில்லை.

தலாதா கடைசி வரை நின்றாள். "என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா மேடம்?"

"எதுக்கு? வந்தவருக்குத் தண்ணி குடுத்ததுக்கா?" என்றாள் அயின்போகா. "வெறும் தாள்ல தொடாதேன்னு எழுதினா எவ கேப்பா? நான் உன் வயசுல கேட்டிருப்பனா? பூட்டு போட்டிருக்கணும். அது என் தப்பு. போ, சாப்பிடு."

அதையும் பதிவேட்டில் எழுதினாள். பூட்டு போடாதது, அயின்போகா.

மூன்று நாளும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அவள் தகுராவுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஆய்வக வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுவாள். அவெடோபா ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அந்த நேரத்துக்கு அங்கே வந்துவிடுவான்.

"காய்ச்சல்?"

"இல்ல. நீ ஏமாந்துட்டே."

"வாந்தி?"

"இல்லம்மா."

"வெளிக்கி?"

"ஏ ஃப்ராஃப்ரா! என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கா."

"அவங்ககிட்டயே குடுங்க, அவங்க சரியாச் சொல்லுவாங்க."

இரண்டாம் நாள் மாலை தகுராவின் குரலில் கேலி இல்லை. "இன்னிக்கு மத்தியானத்துல இருந்து மூணு தடவை போச்சு," என்றார்.

அவெடோபா பதிவேட்டின் பக்கம் குனிந்தான்.

அயின்போகாவின் பேனா நிற்கவில்லை. "தண்ணியாவா? ரத்தம்? சளி? நேத்து ராத்திரில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

அவர் சொன்னார். நேற்று இரவு ஒரு சாவு வீடு. அங்கே குடித்ததை அவர் சொல்லாமல் விடப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவி மறைக்கவில்லை. நான்கு குடுவை சோளக் கள், அதன்மேல் ஒரு சட்டி பயறு, அதன்மேல் எவரோ கொடுத்த கினிக்கோழிக் கால்.

"கூட இருந்தவங்களுக்கு?"

"எங்க அண்ணனுக்கும் போகுது. அவன் இன்னும் கக்கூஸ் கதவைத் திறந்துட்டு வெளிய வரல."

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். "உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி குடிங்க. இருந்தாலும் இப்பவே போய்ச் சோதிச்சுடுங்க. அந்தத் தாளைக் காட்டுங்க."

தொலைபேசியை வைத்த பிறகு அவெடோபா, "கள்ளாத்தான் இருக்கும், இல்லையா மேடம்?" என்றான்.

"சோதிச்சாத் தெரியும்."

"அவங்க அண்ணனுக்கும் போகுதே."

"சோதிச்சாத் தெரியும் சார்."

மறுநாள் மாலை தெரிந்தது. சோதனையில் கெட்டது எதுவும் இல்லை. அண்ணனும் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

நான்காம் நாள் காலை தகுரா வந்தார். அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். தாழ்வாரத்து முக்காலியில் உட்கார்ந்து, "ஒழுங்கா ஒரு விஷம் வெக்கக்கூடத் துப்பில்லாத ஜாதி," என்று ஆரம்பித்தார். "உங்க பாட்டன் நாய்த் தலையைத் தூக்கிட்டு ஓடினப்பவே தெரியும், அறிவெல்லாம் அங்கயே தீர்ந்துபோச்சுன்னு."

"ஓடினது உங்க ஆளு. எங்க ஆளு துரத்தினவர்," என்றாள் அயின்போகா. "தாளைக் குடுங்க."

படித்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படித்தாள். ஆய்வகம் தொடரலாம். வெப்பநிலைப் பதிவு முன்மாதிரியானது. விபத்து நடந்தது, கையாளப்பட்ட விதம் மற்றப் பள்ளிகளும் கற்க வேண்டியது. உதவியாளரை நிரந்தரம் செய்யப் பரிந்துரை.

விரல் நின்றது. "இருபத்து நாலு தட்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இருபத்தஞ்சு."

தகுரா பெருமூச்சு விட்டார். "இதோ பாரும்மா. இப்பக் கேலி இல்ல, கேளு. இருபத்தஞ்சுன்னு எழுதினா, பதிவுல இல்லாத ஒரு தட்டு உள்ள எப்படி வந்துச்சுன்னு மேல கேப்பாங்க. அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பு யாருன்னு கேப்பாங்க. படிச்ச வாத்தியாரை விட்டுட்டு சமையல்காரியைப் பிடிப்பாங்க. இருபது வருஷமா இந்த ஆபீசுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? குடிச்சவன் நான். நானே விட்டுட்டேன். நீ ஏன் இழுக்குறே?"

"அன்னிக்கு நீங்க எதை வெச்சு என்னை நம்புனீங்க? எண்ணிக்கையை வெச்சு. அதையே பொய்யாக்கிட்டு நான் இங்க நிக்கிறதுக்கு, களி கிண்டப் போறேன். மாத்துங்க."

"பிடிவாதம் பிடிச்ச கழுதை."

"மாத்துங்க."

அவெடோபா தூணை விட்டு முன்னால் வந்தான். மூன்று நாளாக அவன் மனசுக்குள் பல பேச்சுகளைத் தயார் செய்து வைத்திருந்தான். அவற்றை எல்லாம் விட்டுவிட்டான்.

"இருபத்தஞ்சுன்னு எழுதுங்க சார். பக்கத்துல என் பேரை எழுதுங்க. உதவியாளருக்குத் தெரியாம, அவங்க வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் வெச்சதுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

தகுரா அவனைப் பார்த்தார். "இந்த வருஷப் பதவி உயர்வு பட்டியல்ல உன் பேரு இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பேரை அடிச்சுடுவாங்க."

"தெரியும் சார்."

"அவ வேலைக்கு அப்ப ஒண்ணும் ஆகாது," என்றார் தகுரா, யாரிடமும் இல்லாமல். பேனாவைத் திறந்து இருபத்து நான்கை அடித்தார். "முழுப் பேரைச் சொல்லு. அப்பா பேரோட."

அவன் சொன்னான். அவர் ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதி, அவனிடம் நீட்டினார். அவன் கையெழுத்திட்டான். அயின்போகா தாளைத் திரும்ப வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடி விரல் வைத்துப் படித்தாள். முடிக்கும் வரை இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். பிறகு தன் கையெழுத்தையும் போட்டாள்.

"சார்," என்றாள் அவெடோபாவிடம். "நாளைக்குச் சந்தை. ஏழு மணிக்கு வாங்க. ரெண்டு பானை வாங்கணும், ஒரு பூட்டு வாங்கணும். பெரிய பானையை நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

"சரி மேடம்."

"வழியில கீழ போட்டு உடைச்சா அதையும் எழுதுவேன்."